மணிக்கு ஆறு கிலோமீட்டர்

சிங்கப்பூரின் நடைபாதைகளில் மொபிலிட்டி ஸ்கூட்டருக்கு வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டராக இருந்தது. 2026 ஜூன் 1 முதல் அது 6 கிலோமீட்டர் என்று நாள் குறித்தார்கள். மூப்பாலோ நோயாலோ உடற்குறையாலோ நடக்கச் சிரமப்படுபவர் என்று மருத்துவரோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ சான்று தந்தவர்கள்தான் அதை ஓட்டலாம் என்பதும் அதே நாளில் நடப்புக்கு வரும் விதி. வண்டியின் அளவுக்கும் எல்லை உண்டு: அகலம் 70 சென்டிமீட்டர், நீளம் 120, உயரம் 150, ஆளும் சுமையும் சேர்ந்த எடை 300 கிலோ. அடுத்தடுத்து எழுதிவைத்தால் எல்லாம் ஒரே வகை விதிகள் போலத்தான் தெரியும். ஆனால் வேகமும் அளவும் வண்டியைச் சோதிக்கின்றன, சான்றிதழ் ஆளைச் சோதிக்கிறது. நடந்து போகிற ஒருவருக்கு ஆபத்து வண்டியால் வருகிறதா, அதில் உட்கார்ந்திருப்பவரால் வருகிறதா? இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூர் இரண்டு பதில்களையும் ஒருசேரத் தந்திருக்கிறது. முதல் பதில் சரியானது, இரண்டாவது அரைகுறையானது என்பது என் கருத்து.

வண்டியிலிருந்து தொடங்கலாம். 1968இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீமி என்ற பிளம்பிங் ஒப்பந்தக்காரர், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காக மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைச் செய்தார். அமிகோ என்று பெயரிட்டு விற்கவும் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் மொபிலிட்டி ஸ்கூட்டர்களின் வடிவம் பெரும்பாலும் அந்த வண்டியில் இருந்ததுதான்: முன்னால் கைப்பிடித் தண்டு, நடுவில் கால் வைக்கத் தட்டையான பலகை, பின்னால் சுழலும் இருக்கை. மோட்டார் பொருத்திய சக்கர நாற்காலிக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நாற்காலியைச் சிறு குமிழால், சில வேளை ஒரே விரலால்கூட நகர்த்தலாம். ஸ்கூட்டருக்கு இரண்டு கைகளின் வலுவும் நிமிர்ந்து உட்காரும் முதுகும் வேண்டும். ஆகவே இது கொஞ்சமாவது நடக்க முடிகிறவர்களின் வண்டி. வீட்டுக்குள் பத்தடி நடப்பார்கள், சந்தைவரை நடக்க மாட்டார்கள். ‘எழுந்து நடக்கிறாரே, இவருக்கு எதற்கு வண்டி?’ என்று பார்ப்பவர்கள் முணுமுணுப்பதற்கும் காரணம் இந்த அமைப்புதான்.

ஓட்டும் முறை எளிதாகத் தெரியும். கைப்பிடியில் உள்ள நெம்பை விரலால் அழுத்தினால் வண்டி நகரும், விட்டுவிட்டால் மோட்டார் வேகத்தைக் குறைத்து, மின்காந்தப் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, நிறுத்துவதற்கு எதையும் செய்யக்கூடாது, செய்துகொண்டிருப்பதை விட வேண்டும். பதறும் நேரத்தில் மனிதக் கை இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். பிடித்திருப்பதை இன்னும் இறுக்கும். நாற்பது வருடம் கார் ஓட்டியவரின் கால் அங்கே இல்லாத பெடலைத் தேடும். இதை யோசித்த சில தயாரிப்பாளர்கள், நெம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் வண்டி தானே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். என் பார்வையில், வேக வரம்பைப் பற்றிய அத்தனை விவாதத்தையும்விட அந்த ஒரு சிறு மாற்றத்துக்குக் கூடுதல் கவனம் தகும்.

பின்பக்கத்தில் இன்னொரு நெம்பு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் தள்ளிக்கொண்டு போக மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிப்பது அதன் வேலை. அந்த நிலையில் பிரேக்கும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். சரிவில் நிற்கும் வண்டியில் உதவிக்கு வந்த யாரோ அதைத் திருப்பிவிட்டால் வண்டி தன் போக்கில் உருளும். மூன்று சக்கர வகை குறுகிய இடத்தில் நன்றாகத் திரும்பும், வேகமாகத் திருப்பினால் கவிழும். நடைபாதை விளிம்பில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறினால் நான்கு சக்கர வண்டியும் கவிழும். ஆஸ்திரேலியாவில் 2000 ஜூலை முதல் 2010 ஆகஸ்ட் வரை இந்த வண்டிகளோடு தொடர்புள்ள 62 மரணங்களை மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வண்டியை ஓட்டிய முதியவர்கள். சாலையைக் கடக்கும்போது கார் மோதியோ, வண்டியோடு விழுந்தோ இறந்தவர்கள். நாளிதழ்களில் அடிபடுவது ஸ்கூட்டர் இடித்து விழுந்த பாதசாரியின் கதை. சாவு எண்ணிக்கையில் முன்னால் நிற்பவர் ஸ்கூட்டரில் இருந்தவர்.

பாதசாரியின் அச்சம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சாமானுமாக 300 கிலோ, மணிக்கு 10 கிலோமீட்டரில் வருகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,160 ஜூல். அதே எடை 6 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 420 ஜூல். வேகத்தை நாற்பது சதவீதம் குறைத்ததில் மோதலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு விரலை எடுக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் வேகத்தில் வண்டி அதற்குள் 2.8 மீட்டர் ஓடியிருக்கும், இரண்டாவதில் 1.7 மீட்டர். இடைவெளி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் மின்தூக்கிக் கதவு திறந்து ஒரு குழந்தை ஓடிவரும் இடத்தில் அந்த ஒரு மீட்டர் பெரிது.

இழப்பு என்ன? ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பலதுறை மருந்தகத்துக்கு 9 நிமிடத்தில் போனவர் இனி 15 நிமிடத்தில் போவார். மழை பிடித்தால் அந்த ஆறு நிமிடம் உறைக்கும். சாலையைக் கடப்பதில் சிக்கல் இருக்காது. வினாடிக்கு 1.7 மீட்டர் என்பது பெரும்பாலான முதியவர்களின் நடையைவிட வேகம். தவிர, முதியவர் தம் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கின் நேரம் நீளும் ஏற்பாடு 2009 முதலே சிங்கப்பூரில் இருக்கிறது. நடைபாதையில் நடப்பவர்களோடு சேர்ந்து போகும் வண்டி, விரைந்து நடப்பவரின் வேகத்தில் போகட்டும் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஜப்பான் இந்த எண்ணுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சுஸூகி நிறுவனம் 1985இல் அங்கே ‘சீனியர் கார்’ என்ற பெயரில் இவ்வகை வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீளம் 120, அகலம் 70 சென்டிமீட்டருக்குள், வேகம் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதில் போகிறவர் சட்டப்படி பாதசாரி. உரிமம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். வண்டி கட்டுக்குள் இருந்தால் ஆளைக் கேள்வி கேட்பதில்லை என்பது அங்கே கொள்கை. நெல்வயல்களுக்கு நடுவே உள்ள கிராமங்களில் கார் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த முதியவர்களுக்கு இதுதான் அடுத்த வண்டி. அங்கேயும் விபத்துகள் நடக்கின்றன. வாய்க்காலில் விழுகிறார்கள், ரயில் கடவையில் சக்கரம் சிக்குகிறது. ஆனால் அவை வேகத்தால் நேர்பவை அல்ல.

பிரிட்டனின் கதை வேறு. அதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சட்டம் கனிவாகத் தொடங்கி எப்படிக் கவனம் தவறுகிறது என்பதற்கு அது நல்ல பாடம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெர்ட் கிரீவ்ஸ் என்ற பொறியாளர், இடுப்புக்குக் கீழ் செயலற்றிருந்த தம் உறவினர் டெரி பிரெஸ்டன்-காபுக்காக மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தார். இருவரும் சேர்ந்து இன்வாகார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அரசே இந்த வண்டிகளைக் கொடுத்தது. வெளிர் நீலத்தில், மூன்று சக்கரத்தில், ஒரே ஒருவர் உட்காரும் கண்ணாடியிழைக் கூடு. மனைவியையோ குழந்தையையோ ஏற்றிக்கொள்ள முடியாது. பலத்த காற்றில் ஆட்டம் கண்டது. பாதுகாப்பு போதாதென்று 2003 மார்ச் 31இல் எஞ்சியிருந்த வண்டிகளையும் சாலையிலிருந்து விலக்கினார்கள்.

வண்டி போனது, அதையொட்டி எழுந்த சட்டச் சொற்கள் போகவில்லை. மான்செஸ்டரின் விதின்ஷா தொகுதி உறுப்பினர் ஆல்ஃப் மாரிஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் உரிமையைச் சட்டமாக்கிய முன்னோடி முயற்சி என்று உலகம் முழுவதும் பேசப்படுவது. அதன் 20ஆம் பிரிவு, நடக்க முடியாதவர்களின் வண்டி விதிப்படி இருந்தால் அது பல நோக்கங்களுக்கு மோட்டார் வாகனம் அல்ல என்று சொல்லிவிட்டது. நோக்கம் நல்லது. கால் இல்லாதவரின் காலுக்கு வரியும் உரிமமும் கேட்பது முறையல்லவே. 1988இல் வந்த விதிகள் அதற்கு எண்களைக் கொடுத்தன. இரண்டாம் வகை வண்டி மணிக்கு 4 மைல், நடைபாதைக்கு. மூன்றாம் வகை மணிக்கு 8 மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர், சாலைக்கு. இந்த மூன்றாம் வகையும் நடைபாதையில் ஏறலாம், ஏறும்போது ஒரு பொத்தானை அழுத்தி 4 மைலுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தினாரா இல்லையா என்பது ஓட்டுபவரின் மனசாட்சிக்கு விட்ட காரியம்.

மூன்றாம் வகையை ஓட்ட 14 வயது ஆகியிருக்க வேண்டும், வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் வேண்டாம், தேர்வு வேண்டாம், காப்பீடு கட்டாயமில்லை. 12.3 மீட்டர் தூரத்திலிருந்து கார் எண்பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்பது அறிவுரை மட்டுமே. மோட்டார் வாகனம் அல்ல என்று ஒதுக்கிவிட்டதால் ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற சாலைக் குற்றங்களும் பொருந்தாமல் போயின. குடித்துவிட்டு நடைபாதையில் இந்த வண்டியை ஓட்டுபவரைப் பிடிக்க, குடிபோதையில் வண்டியையோ குதிரையையோ மாட்டையோ நீராவி எஞ்சினையோ பொறுப்பில் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய 1872ஆம் ஆண்டு மதுச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் மொபிலிட்டி ஸ்கூட்டரை நிறுத்திவைக்கும் சட்டத்தைப் படிக்க எனக்குப் பிடிக்கும், அமல்படுத்தும் காவலருக்குப் பிடிக்குமா தெரியாது.

2010இல் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு இதை விசாரித்தபோது முட்டிக்கொண்ட முதல் சுவரே, நாட்டில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, எத்தனை விபத்துகள் நடக்கின்றன என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை என்பதுதான். மோட்டார் வாகனம் அல்லாததைப் போக்குவரத்துத் துறை எண்ணவில்லை, இரண்டாம் வகை வண்டியைப் பதிவேட்டில் யாரும் ஏற்றவில்லை. இடைவெளியில் விழுந்த பொருளுக்குப் புள்ளிவிவரம் கிடையாது. இன்னொன்றையும் கவனிக்கலாம். பிரிட்டிஷ் சட்டப்படியும் இந்த வண்டியை நடக்கச் சிரமம் உள்ளவர்தான் ஓட்டலாம். விற்பனைக்காக ஓட்டிக் காட்டுவது, பழுது பார்க்க எடுத்துப்போவது போன்ற சிலவற்றுக்கே விலக்கு. ஆனால் சிரமம் உண்டு என்பதற்கு அத்தாட்சி கேட்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

சிங்கப்பூர் அந்த அத்தாட்சியைக் கேட்க முடிவெடுத்ததற்குப் பின்னணி முதுமை அல்ல, இளமை. 2018 மே 1இல் நடப்புக்கு வந்த ஆக்டிவ் மொபிலிட்டி சட்டம் சைக்கிள், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர், நடமாட்ட உதவி வண்டி (மொபிலிட்டி ஸ்கூட்டரும் மோட்டார் சக்கர நாற்காலியும்) எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. அப்போது நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்கு இடமிருந்தது. நடைபாதை வேக வரம்பை 2019 பிப்ரவரியில் 15லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டரோடு மோதிய 65 வயதுப் பெண் சைக்கிளோட்டி இறந்தார். நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்கே தடை. அதுவரை அதில் உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்களுக்கு ஒரே இரவில் பிழைப்பு ஆட்டம் கண்டது. நடைபாதையில் மோட்டாரோடு போக இன்னும் அனுமதி இருந்த வகை ஒன்றே ஒன்றுதான்: நடமாட்ட உதவி வண்டி. கைகால் நன்றாக இருப்பவர்களும் மொபிலிட்டி ஸ்கூட்டரில் ஏறத் தொடங்கினார்கள். பெரிய இருக்கை, பெரிய பேட்டரி, சாமான் பெட்டி என்று வண்டிகளும் பருத்தன.

ஒரு கதவை அடைத்தால் கூட்டம் அடுத்த கதவுக்குப் போகும் என்பது எதிர்பாராத ஒன்றல்ல. விதி வகுத்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. 2023 டிசம்பரில் ஆலோசனைக் குழு புதிய பரிந்துரைகளைத் தந்தது, நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்றது, 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. மோட்டார் சக்கர நாற்காலிக்கும் வேகம் 6தான், ஆனால் சான்றிதழ் தேவையில்லை. தேவையில்லாதவர் அதைத் தேடி வாங்கமாட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதாவது சான்றிதழின் குறி விபத்து அல்ல, துஷ்பிரயோகம். இதை மறைக்காமல் சொல்லியிருப்பது நேர்மைதான்.

அங்கேதான் என் ஐயமும் தொடங்குகிறது. துஷ்பிரயோகம் ஓர் ஆபத்து, தளர்ச்சி இன்னோர் ஆபத்து. முதல் வகைக்காரர் முப்பது வயது, கண்ணும் கையும் கூர்மை, வேகம் மிகுதி. இரண்டாம் வகைக்காரர் எண்பது வயது, உண்மையிலேயே வண்டி தேவைப்படுபவர், பார்வை மங்கல், கழுத்து திரும்பாது, விரல் தாமதமாகவே விடும். வேக வரம்பும் அளவு வரம்பும் இந்த இருவருக்கும் மருந்தாகின்றன. சான்றிதழ் முதலாமவரை வெளியே அனுப்புகிறது. இரண்டாமவரைப் பொறுத்தவரை, அவரை ஆபத்தில் வைத்திருக்கும் அதே தளர்ச்சியைக் காரணம் காட்டி அவருக்கு வண்டியைக் கொடுக்கிறது. கொடுக்க வேண்டியதுதான். 2030 வாக்கில் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று கணக்கிட்டிருக்கும் நாட்டில் இந்த வண்டியைக் குறைப்பது வழியல்ல. ஆனால் கொடுத்ததோடு பாதுகாப்பு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

சான்று கேட்பதில் ஒரு மனவலியும் இருக்கிறது. மூட்டுவாதமும் இதயக்கோளாறும் உள்ளவர்களுக்கு நல்ல நாளும் கெட்ட நாளும் உண்டு. நல்ல நாளில் மருத்துவரிடம் போனவர் நன்றாக நடந்து காட்டிவிடுவார். ஏற்கெனவே அரசின் உடற்குறையாளர் திட்டங்களில் இருப்பவர்கள் மறுபடி போக வேண்டாம் என்பது ஆறுதல். திட்டங்கள் எதிலும் சேராமல் சொந்தக் காசில் வண்டி வாங்கி, யாரிடமும் எதையும் கேட்காமல் உணவங்காடிக்குப் போய்வந்த முதியவர்தான் இப்போது தம் இயலாமையை எழுதி வாங்கப் போக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதைவிட நல்ல பேரம் பேசியிருக்கிறது. அங்கேயும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் வண்டியைக் கட்டணமின்றிப் பதிவு செய்கிறார்கள், பதிவோடு மூன்றாம் நபர் காயக் காப்பீடும் சேர்ந்து வருகிறது. ஸ்கூட்டர் இடித்து இடுப்பெலும்பு முறிந்த பாதசாரி இழப்பீட்டுக்கு ஓய்வூதியக்காரர் ஒருவரின் சேமிப்பை நம்பி வழக்காட வேண்டாம். ஓட்டுபவருக்கும் வீடு போய்விடும் என்ற பயம் இல்லை. காகிதத்தைக் கேட்கும் அரசு பதிலுக்கு ஒன்றைக் கொடுக்கிறது. பதிவு இருப்பதால் எண்ணிக்கையும் தெரியும், பிரிட்டிஷ் குழு முட்டிக்கொண்ட சுவர் அங்கே இல்லை.

நெதர்லாந்து பாதையைப் பிரித்துத் தீர்த்தது. நடைபாதையில் 6 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டுமென்றால் சைக்கிள் பாதையில் போகலாம். பிரிட்டனோ சைக்கிள் பாதையை இந்த வண்டிகளுக்கு மூடி, வேகமான வகையைக் கார்களோடு சாலையில் விடுகிறது. இதில் எனக்கு நியாயமே தெரியவில்லை. சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்கு அருகே உள்ள நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டன. நடமாட்ட உதவி வண்டிகளுக்கு அங்கே விலக்கு உண்டு. சைக்கிள்களை அப்பால் நகர்த்தியது, வேகத்தைக் குறைத்ததைப் போலவே முதியவர்களுக்குப் பயன்படும் மாற்றம்.

பேட்டரித் தீயை இந்தக் கட்டுரைக்குள் முழுதாகக் கொண்டுவர முடியாது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை நடமாட்ட உதவி வண்டிகளின் தீ விபத்துகளைத் தனியாகவே கணக்கெடுக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். இரவு முழுக்க வாசலருகே சார்ஜில் போட்டுவைத்த வண்டி தீப்பிடித்தால், வேகமாக எழுந்து ஓட முடியாதவர் வெளியேறும் ஒரே வழியை அது அடைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரின் சான்றிதழ் முறையில் ஒரு வாய்ப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. வண்டி தேவைப்படும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது ஒரு மருத்துவர் முன்னாலோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முன்னாலோ உட்காரப்போகிறார். பிரிட்டனில் அப்படி ஒரு சந்திப்பே கிடையாது, ஜப்பானிலும் இல்லை. அந்த அமர்வில் கால்களைப் பார்ப்பதோடு, 12.3 மீட்டர் தள்ளி ஓர் எண்பலகையை வைத்துப் படிக்கச் சொல்லலாம். தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்று கேட்கலாம். கைதட்டியதும் விரலை விடுகிறாரா, இறுக்குகிறாரா என்று நெம்பைக் கொடுத்தே சோதிக்கலாம். விளிம்பில் நேராக ஏறவும், தள்ளும் நெம்பைத் தொடக்கூடாத இடம் எது என்று அறியவும் அரை மணி நேரம் போதும். இதில் தேறாதவருக்கு மறுக்க வேண்டியதில்லை. நான்கு சக்கர வண்டியையோ, இறுக்கினால் நிற்கும் நெம்பையோ, கண்ணாடியையோ எழுதிக் கொடுக்கலாம். மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு இது புதிய வேலை அல்ல.